தெளிந்த நீர் எல்லாம் பக்குவமான நீர் அன்று



பிள்ளைகளின் பிறந்த நாளன்றோ, பள்ளி விடுமுறை தொடங்கும் வேளையிலோ நம் இல்லங்களுக்கு வந்து சேரும் புதுப் பொருள்களுள் கண்ணாடி மீன் தொட்டியும் ஒன்று. அது பார்வைக்கு அழகானது. துள்ளித் திரியும் பிள்ளைகளையும் சற்று நேரம் அமைதியாக உட்கார வைப்பது. ஓர் உயிரைப் பேணும் பொறுப்பைச் சிறு வயதிலேயே கற்றுத் தருவது. ஆதலின் தொட்டி வாங்கித் தரும் பெற்றோரை நாம் பாராட்டவே செய்வோம். ஆயினும், அத்தொட்டி வந்த முதல் மாதத்தில் எத்தனையோ வீடுகளில் நிகழ்வது யாது?

மாலையில் தொட்டி வருகிறது. சிறுகற்களைக் கழுவிப் பரப்புகிறோம், நீர் நிரப்புகிறோம், காற்று மோட்டாரை இயக்குகிறோம். அன்றிரவே பத்துப் பன்னிரண்டு மீன்கள் உள்ளே நீந்தத் தொடங்கிவிடுகின்றன. முதல் மூன்று நாள் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கிறது. ஐந்தாம் நாள் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எட்டாம் நாள் ஒன்று செத்து மிதக்கிறது, மறுநாள் இரண்டு. இரண்டு வாரம் கழிவதற்குள் தொட்டி ஏறக்குறைய வெறுமையாகி விடுகிறது. குழந்தை அழுகிறது.

இதற்குப் பெரியவர்கள் கூறும் காரணங்கள் பல. "கடைக்காரன் நோயுற்ற மீனைத் தந்துவிட்டான்" என்பார் ஒருவர். "கண் பட்டுவிட்டது" என்பார் மற்றொருவர். "வீட்டுக்கு வர இருந்த கேட்டை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டது; நல்லதுக்குத்தான்" என்று தேற்றுவோரும் உண்டு. பின்னர், தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, முற்றிலும் புதுநீர் நிரப்பி, மறுபடியும் பன்னிரண்டு மீன்களை வாங்கி விடுகிறார்கள். மறுபடியும் அதே கதைதான்.

புதுத் தொட்டியில் நேரும் இத்தகைய சாவுகளுக்குக் கண்ணேறும் ராசியும் காரணம் அல்ல. பெரும்பாலும் கடைக்காரரும் காரணம் அல்லர். காரணம் தொட்டி நீரிலேயே இருக்கிறது. அது நன்கு ஆராய்ந்து அறியப்பட்டது, தடுக்கக் கூடியது. அதற்கு வேண்டுவது பெரும் பணம் அன்று. நான்கு முதல் ஆறு வாரக் காத்திருப்பே. இம்மாதம் அதனைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

எல்லா உயிர்களையும் போல மீனும் உண்கிறது, கழிவை வெளியேற்றுகிறது. அதன் உடலில் புரதம் செரிப்பதால் உண்டாகும் அம்மோனியா பெரும்பாலும் செவுள்களின் வழியாகவே நீரில் கலக்கிறது. உண்ணாமல் அடியில் தங்கிய தீனியும், அழுகும் இலைகளும் மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் இது பெருவெள்ளத்தில் கரைந்து போகும். இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலும் கொள்ளுவது சுமார் 56 லிட்டர்தான். கல்லும் செடியும் இட்டபின் ஏறத்தாழ 45 லிட்டரே நிற்கும். அதற்குள்தான் மீன் உண்ணவும், மூச்சுவிடவும், கழிக்கவும் வேண்டும்.

அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. மீனைக் கொல்லும் அளவு சேர்ந்த பின்னும் நீர் பளிங்கு போலவே தோன்றும். மணமும் பெரும்பாலும் தெரியாது. தெளிந்த நீரைக் கண்டு நாம் ஏமாறுவது இங்கேதான். அம்மோனியா மீனின் செவுள்களை அரிக்கிறது. அதனாலேயே, காற்றுக் குமிழிகள் நிறைந்த நீரிலும் மீன் மூச்சுத் திணறி மேலே வருகிறது.

நீரின் இயல்பும் இங்கே கணக்கில் சேரும். பி.எச். அளவு 7 ஆக உள்ள நீரில் அம்மோனியாவின் மிகச் சிறு பகுதியே கொடிய வடிவில் இருக்கும். அந்த அளவு 8 ஆக உயர்ந்தால் கொடிய பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகும். வெப்பம் கூடினாலும் அது கூடும். நம் ஊர்க் கிணறுகள் பலவற்றின் நீர் காரத்தன்மை உடையது. நம் கோடையோ சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் குளிர் நாட்டு நூல்களில் சொல்லப்படும் எச்சரிக்கை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும்.

இரு கூட்டத் துப்புரவாளர்

இந்த நஞ்சை அகற்றுவோர் யார்? கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களே. ஒரு கூட்டம் அம்மோனியாவை உண்டு அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் கலந்தால் இரத்தம் பழுப்பு நிறமடைந்து உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. ஆனால் அந்த நைட்ரைட்டை உணவாகக் கொள்ளும் மற்றொரு கூட்டம் உண்டு. அது நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அளவோடு இருக்கும் வரை மீனுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. நீர்ச்செடிகள் அதை எருவாக உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியதை வாரந்தோறும் நீர் மாற்றி நாம் வெளியேற்றலாம்.

தொட்டியில் இவ்விரு கூட்டங்களும் போதிய அளவு குடியேறுவதையே மேனாட்டு மீன் வளர்ப்போர் 'சைக்கிளிங்' என்று வழங்குகின்றனர். மிதிவண்டிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நைட்ரஜனின் சுழற்சியையே அச்சொல் குறிக்கிறது. நாம் இதனைத் தொட்டி பக்குவப்படுதல் என்று கூறுவோம்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1877-ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாய் ஒன்றின் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்லச் சொட்டவிட்டனர். சுமார் இருபது நாள் வரை அம்மோனியா அப்படியே வெளிவந்தது. மாற்றம் ஏதும் இல்லை. அதன்பின் திடீரென்று நைட்ரேட் தோன்றத் தொடங்கி, அம்மோனியா மறைந்தது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. பின்னர் மண் கரைத்த நீரைச் சிறிது சேர்த்தபோது மீண்டும் தொடங்கிற்று. இது வெறும் வேதியியல் மாற்றம் அன்று, உயிருள்ளவை செய்யும் வேலை என்று அதனால் தெளிவாயிற்று. அந்த இருபது நாள் காத்திருப்பும், நம் புதுத் தொட்டியின் காத்திருப்பும் ஒன்றேதான்.

அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, வேலை இரண்டு படிகளில் நடைபெறுவதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியவர் செர்கேய் வினோகிராத்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர். இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பள்ளி நூல்களில் நம் பிள்ளைகள் படித்திருப்பர். நன்னீர் மீன் தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது பெரிதும் நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரண்டு படிகளையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டென 2015-இல் கண்டறியப்பட்டது.

ஏன் இத்தனை நாள்?

பாலைக் கெடுக்கும் சாதாரண பாக்டீரியாக்கள், சூழல் வாய்த்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறைகூட இரட்டிக்க வல்லவை. நம் துப்புரவாளரோ மெல்ல வளர்பவர்கள். இவர்கள் இரட்டிக்கப் பல மணி நேரம் ஆகும். சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அன்றியும், முதற்கூட்டம் வேலை செய்து நைட்ரைட்டைத் தந்த பின்பே இரண்டாம் கூட்டத்துக்கு உணவு கிடைக்கிறது. எனவே முதல் இரண்டு வாரங்களில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரேட் பின்னால் பெருகும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் நாட்டு வெப்பம் இவற்றின் வளர்ச்சிக்கு ஏற்றது என்பது நமக்கு உள்ள ஓர் ஆதாயம்.

முதல் வாரத்தில் நீர் பால் கலந்தாற்போல் வெளிறுவதும் உண்டு. இது வேறுவகை பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கம். சில நாளில் தானே தெளியும். அதைக் கண்டு அஞ்சி எல்லா நீரையும் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால், வேலையைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க நேரும்.

மீனை விடுமுன் பக்குவப்படுத்தும் முறை

சிறந்த முறை, மீன் ஒன்றுகூட இல்லாமல் தொட்டியைப் பக்குவப்படுத்துவதே.

முதலாவதாக, நீர். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களையும் கொல்லும். மீனின் செவுளையும் தாக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரமாயின் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சில சொட்டு விடலாம். பழைய புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று வழங்கிய சோடியம் தயோசல்பேட்டே பெரும்பாலும் அதில் உள்ள சரக்கு.

இரண்டாவதாக, குடியிருக்க இடம். இந்நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பவை அல்ல. வடிகட்டியின் பஞ்சிலும், கற்களிலும், செடியின் இலைகளிலும் ஒட்டி வாழ்பவை. காற்று மோட்டாரில் பொருத்தும் ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்றே சிறு தொட்டிக்குப் போதும். அது இரவும் பகலும் ஓட வேண்டும். ஏனெனில் இவற்றுக்கு உயிர்வளி இன்றியமையாதது.

மூன்றாவதாக, உணவு. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியை, மீன் இருப்பது போலவே தொட்டியில் இட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியாவைத் தரும். மணமும் சோப்பும் கலவாத அம்மோனியா நீர் கிடைக்குமாயின், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு காட்டும் வரை சொட்டுச் சொட்டாக விடலாம். ஆனால் அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் தாக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பெரியவர்களே கையாள வேண்டும்.

நான்காவதாக, உறை. நம் இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சிய பாலை வெறுமனே வைத்தால் என்றைக்குத் தயிராகும், எப்படி ஆகும் என்று சொல்ல இயலாது. ஒரு கரண்டி உறை மோர் விட்டால் விடிவதற்குள் தயிராகிவிடுகிறது. அது போலவே, பல மாதங்களாக நோயின்றி மீன் வாழும் தொட்டி ஒன்று உறவினர் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டையோ ஒரு கைப்பிடிக் கல்லையோ கேட்டு வாங்கி, உலர விடாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் இடுங்கள். ஆறு வாரம் இரண்டு வாரமாகக் குறையக் கூடும். பழைய தொட்டியின் நீரை மட்டும் குடத்தில் கொண்டுவருவதால் அவ்வளவு பயன் இல்லை. உறை இருப்பது பஞ்சில், நீரில் அன்று.

பக்குவம் வந்ததை அறிவது எப்படி? கண்ணால் அறிய இயலாது. சோதித்தே அறிய வேண்டும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய மூன்றையும் நிறமாற்றத்தால் காட்டும் சொட்டு மருந்துப் பெட்டிகள் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கின்றன. அம்மோனியா இட்ட மறுநாளே, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இன்மையையும், நைட்ரேட் இருப்பதையும் சோதனை காட்டினால் தொட்டி பக்குவமாயிற்று. அப்போது பாதி நீரை மாற்றி, தாமதியாமல் முதல் மீன்களை விடுங்கள். உணவின்றி நெடுநாள் விட்டால் வளர்த்த கூட்டம் குன்றிவிடும்.

மீன் ஏற்கெனவே வந்துவிட்டதா?

"இதையெல்லாம் இப்போது சொல்கிறீர்களே, மீன்கள் நேற்றே வந்துவிட்டனவே!" என்பார் சிலர். கவலை வேண்டாம், ஆயினும் கவனம் வேண்டும்.

மேலும் மீன் வாங்குவதை உடனே நிறுத்துங்கள். இருக்கும் மீன்கள் பலவாயின், பக்குவமான தொட்டி உடைய நண்பரிடம் சிலவற்றை ஒப்படைத்து, இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்ரா, பிளாட்டி போன்ற சிறு மீன்கள் ஓரளவு தாங்கும். தங்கமீன் உறுதியானது எனினும் மிகுதியாகக் கழிப்பது. புதுத் தொட்டிக்கு அது பெருஞ்சுமை. நாளுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி இடுங்கள். பிள்ளைகள் அன்பு மிகுதியால் கை நிறைய அள்ளிப் போடுவர். அந்த அன்பே மீனுக்கு நஞ்சாகும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். இயன்றால் நாள்தோறும் நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தென்படும் போதெல்லாம், கால் பங்கு முதல் பாதி வரை நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீங்கிய நீரை ஊற்றுங்கள்.

நைட்ரைட் ஏறியிருக்கும் வேளையில் நம் சமையலறைக் கல்லுப்பும் உதவும். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வாயிலிலேயே நைட்ரைட்டைப் பெரிதும் தடுத்துவிடும். 45 லிட்டர் தொட்டிக்கு 45 கிராம் போதும். இது நைட்ரைட்டுக்கு மட்டுமே காப்பு, அம்மோனியாவுக்கு அன்று. செடிகளும் சிலவகை மீன்களும் உப்பை நெடுநாள் விரும்பா என்பதால், ஆபத்து நீங்கியதும் நீர் மாற்றி உப்பைக் குறைத்துவிடுக.

மேலும் மீன் சேர்க்கும்போது

தொட்டி பக்குவமான பின்பும் ஒரு தவறு நேர்வதுண்டு. "இனி அச்சமில்லை" என்று எண்ணி ஒரே நாளில் பத்து மீன்களைச் சேர்த்துவிடுகிறார்கள், மீண்டும் சாவு. காரணம் எளிது. மூவருக்குச் சமைக்கும் அடுப்பில் திடீரென முப்பது பேர் பந்தியில் உட்கார்ந்தால் என்னவாகும்? நுண்ணுயிர்க் கூட்டம், கிடைக்கும் கழிவின் அளவுக்கே பெருகி நிற்கிறது. மூன்று மீனின் கழிவுக்குப் பழகிய கூட்டம், பதின்மூன்று மீனின் கழிவை உடனே ஏற்காது.

ஆதலின் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மீன்களே சேர்க்க வேண்டும். பின்னர் இரண்டு வாரம் பொறுத்து, நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று கண்ட பின்பே அடுத்த இரண்டு மூன்று. கப்பி, மோலி போன்றவை வீட்டிலேயே குட்டி போட்டுப் பெருகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சென்னைக் கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளைப் போல் வரிசை வரிசையாகக் கண்கவர் மீன்கள் நிற்கும் இடத்துக்குப் பிள்ளைகளோடு சென்றால், மனத்தைக் கட்டுப்படுத்துவது கடினந்தான். எத்தனை மீன் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு புறப்படுவது நலம்.

வளர்த்த கூட்டத்தைக் காத்தல்

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவாதீர்கள். குளோரின் கூட்டத்தை அழித்துவிடும். நீர் மாற்றும்போது எடுத்த பழைய தொட்டி நீரிலேயே மெல்ல அலசிப் போடுங்கள். பஞ்சை மாற்ற நேர்ந்தால், புதியதைப் பழையதோடு சில வாரம் சேர்த்து ஓடவிட்டுப் பின்னர் பழையதை எடுங்கள். நோய்க்கு மருந்திட வேண்டியிருந்தால், நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்தில் வைத்து மருந்திடுங்கள். மருந்துகளுள் சில நம் துப்புரவாளரையும் கொல்லும். நெடுநேர மின்தடை உள்ள ஊர்களில் மின்கலத்தில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருப்பது நன்று. வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுவதும், செடிகள் சிலவற்றை வளர்ப்பதும் நைட்ரேட்டைக் கட்டுக்குள் வைக்கும்.

காத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

மீன் இல்லாத தொட்டியை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளைகள் இசைவார்களா என்று பெற்றோர் கேட்கலாம். வெறுமனே காத்திருக்கச் சொன்னால் இசையார். அந்தக் காத்திருப்பை ஒரு வேலையாக்கிக் கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என நான்கு பத்திகள் கோடிட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை பெரியவர் துணையோடு சோதித்துப் பிள்ளையே எழுதட்டும். முதல் வாரத்து எண் ஏறுவதையும், பின்னர் அது இறங்க மற்றொன்று ஏறுவதையும், ஒரு நாள் இரண்டும் இல்லாமற்போவதையும் தன் கையெழுத்திலேயே காணும் பிள்ளை, எந்தப் பாடநூலும் தர இயலாத ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் உழைப்பின் மேல்தான் கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் வாழ்கின்றன என்பதே அது.

'ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா?' என்பார்கள் நம் முன்னோர். ஆயிரக்கணக்கில் செலவிட்டுத் தொட்டி வாங்கிய நமக்கு, அந்நீர் பக்குவப்படும் வரை பொறுப்பது பெரிதன்று. அந்தப் பொறுமை மீனின் உயிரைக் காக்கும். மீன் சாவது நம் கேட்டைப் போக்குவதற்கு என்னும் தேறுதலும் நமக்கு வேண்டியிராது. நம்மை நம்பி நம் வீட்டுக்கு வந்த சிற்றுயிர், நம் அவசரத்தால் மாளாமல் இருப்பதே நமக்கு நிறைவு.